கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு நான் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்தி வரும் ஹதீஸ்களுள் ஒன்று, பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றியது. அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. தானாக இரை தேடி உண்ண அவிழ்த்து விடவும் இல்லை. அது பசியால் மாண்டது. அதன் காரணமாக அவள் நரகம் புகுந்தாள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள இந்த நபிமொழியைப் பிள்ளைகள் விரைவாகவே மனனம் செய்துவிடுவார்கள். ஆண்டுத் தேர்வில் கேட்டால் பெரும்பாலோர் முழு மதிப்பெண் பெறுவார்கள். நானும் அதை நன்கு அறிந்தவன் என்றே எண்ணியிருந்தேன். ஒன்பது வயதான என் மகள் ஒரு நாள் இஷாவுக்குப் பின் ஈரக் கையோடு என் எதிரே வந்து நின்று, "வாப்பா, நாமளும் அந்தப் பூனையைக் கட்டிப்போட்ட பொம்பள மாதிரியா?" என்று கேட்கும் வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அவள் உள்ளங்கையில் இருந்தது இறந்துபோன ஒரு தங்கமீன்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். படிப்பவர்களில் எவரேனும் தம் பிள்ளைக்காக ஒரு மீன்தொட்டி வாங்க நினைத்திருந்தால், நான் இடறிய இடத்தில் அவர் இடறாமல் இருக்கட்டும்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. எங்கள் வீடு அறிந்த மீனெல்லாம் ஆணத்துக்கு வரும் மீன்தான். என் மகள் குர்ஆனை முதன்முறையாக ஓதி முடித்தபோது, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். புதுத் துணியோ சைக்கிளோ கேட்பாள் என்று நினைத்தேன். அவள் மீன்தொட்டி கேட்டாள். என் மனைவிக்கு அதில் முழு விருப்பம் இல்லை. "ஒரு உசிரக் கொண்டாந்து அடைச்சு வச்சா, அதுக்குப் பதில் சொல்லணும்ல?" என்றார். நான் ஆலிமுக்குரிய கம்பீரத்தோடு அபூ உமைர் செய்தியை எடுத்துச் சொன்னேன். அனஸ் (ரலி) அவர்களின் சிறு வயதுத் தம்பி ஒரு குருவியை வளர்த்து வந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமல், அந்தக் குருவியைப் பற்றி அன்போடு அச்சிறுவரிடம் விசாரித்ததையும் கூறினேன். அதிலிருந்து, உரிய முறையில் பேணினால் பிராணிகளை வளர்ப்பது ஆகுமானது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளதையும் சொன்னேன். ஆதாரத்தைச் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் "உரிய முறையில் பேணினால்" என்ற நிபந்தனையை வாயால் சொன்னேனே தவிர, அந்த உரிய முறை எது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கடைக்குப் போனோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி ஒன்றை வாங்கினோம். அதில் ஐம்பது லிட்டர் அளவுக்கே நீர் கொள்ளும். பிறகு மீன்களைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தோம் என்பது பெரிய சொல். நிறம் பார்த்துக் கை நீட்டினோம். தங்கமீன் இரண்டு, கைப்பிடி அளவு வளர்ந்த ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, நியான் டெட்ரா ஆறு, நீல நிற ஃபைட்டர் ஒன்று. "தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்" என்று கடைக்காரர் ஒரு சக்கர் மீனையும் சேர்த்துக் கொடுத்தார். மொத்தம் பதினாறு உயிர்கள். கால் மணி நேரத்தில் வியாபாரம் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்தே தொட்டியை நிரப்பினேன். நாம் குடிக்கும் தூய நீரையே அவற்றுக்கும் கொடுக்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

அன்றிரவு தொட்டி அழகாக இருந்தது. மறுநாள் காலையில் ஃபைட்டரின் வால் கிழிந்திருந்தது; டைகர் பார்ப்கள் அதைத் துரத்தித் துரத்திக் கடித்துக்கொண்டிருந்தன. ஏஞ்சல்களின் நீண்ட துடுப்புகளும் அவற்றுக்குத் தப்பவில்லை. மூன்றாம் நாள் நியான் டெட்ராக்கள் ஆறில் நான்கே இருந்தன. மற்ற இரண்டும் ஏஞ்சல்களின் வயிற்றில் இருந்தன என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். ஐந்தாம் நாள் நீர் வெண்மையாகக் கலங்கியது. தங்கமீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் பதறிப்போய் நீர் முழுவதையும் வெளியேற்றி, வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் நன்றாகக் கசக்கிக் கழுவி, புதுநீர் ஊற்றினேன். அதுவே எஞ்சியவற்றுக்கு முடிவாயிற்று. ஒன்பதாம் நாள் இரவு உயிரோடு இருந்தவை இரண்டு டைகர் பார்ப்களும் அந்தச் சக்கரும் மட்டுமே. அந்த இரவில்தான் மகள் அக்கேள்வியைக் கேட்டாள்.

"இல்லம்மா, அது வேறு, இது வேறு" என்று சொல்லி அவளை உறங்க வைத்திருக்கலாம். நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தது. ஆனால் நான் கற்பித்த பாடத்தைத்தான் அவள் என்னிடம் திருப்பிக் கேட்டாள். பாடத்தை நானே மாற்றிச் சொல்ல முடியாது. ஆகவே உண்மையைச் சொன்னேன். "அந்தப் பெண்ணுக்குப் பூனை பசித்திருப்பது தெரியும், தெரிந்தும் விட்டுவிட்டாள். நமக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு வாங்கியிருக்கலாம். கேட்டது நீ, கேட்காமல் வாங்கியது வாப்பா. இது வாப்பாவுடைய தவறு. அல்லாஹ்விடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்." அபூ உமைரின் குருவி இறந்துபோனபோது நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரைக் கடிந்துகொள்ளவில்லை, அவருடைய துக்கத்தை விசாரித்தார்கள் என்பதையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "இனிமே மீன் வேணாம் வாப்பா" என்றாள். குர்ஆன் ஓதி முடித்ததற்காக நான் அளித்த பரிசு அவ்வாறு முடிந்தது. அன்றிரவு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திஃபார் செய்தேன். எனினும் உறக்கம் வரவில்லை.

சில வாரங்களுக்குப் பின் உறவினர் நிக்காஹ் ஒன்றுக்காகச் சென்னை சென்றோம். வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர், நாங்கள் தங்கிய வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. மகளையும் அழைத்துக்கொண்டு சென்றேன். ஒரு சிறிய கடையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நான் மீன்களைக் காட்டி விலை கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை. "பாய், உங்க ஊர்த் தண்ணி எப்படி?" என்று கேட்டார். "தொட்டி எத்தனை அடி? எத்தனை நாளா ஓடுது?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப உங்களுக்கு மீன் தர மாட்டேன். தண்ணியப் பழக்கிட்டு வாங்க. மீன் எங்கயும் ஓடிடாது" என்றார்.

வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம், பொருளைக் கையில் வைத்துக்கொண்டே தர மறுத்த ஒரு வணிகரை அன்றுதான் பார்த்தேன். கொடுக்கல் வாங்கலில் நேர்மை குறித்து ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ உரைகள் கேட்டிருக்கிறேன். அந்தக் கடையின் முக்காலியில் அமர்ந்து கேட்ட ஒன்றரை மணி நேரப் பாடம் அவற்றுக்குக் குறைந்ததன்று. அவரிடம் கற்றதையும், அதன்பின் நானே படித்தும் பழகியும் அறிந்ததையும் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, நீர். மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு, நைட்ரைட்டும் நஞ்சுதான். அதை நைட்ரேட்டாக மாற்றும் வேறு நுண்ணுயிர்கள் உண்டு. நைட்ரேட் ஓரளவு வரை தீங்கற்றது. இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கின்றன. புதிய தொட்டியில் அவை இரா. பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குடிநீரில் கலந்துள்ள குளோரின் அவற்றைக் கொல்லும். மீனின் செவுள்களையும் வருத்தும். நான் செய்தது என்ன? நுண்ணுயிர்களே இல்லாத தொட்டியில் ஒரே மாலையில் பதினாறு மீன்களை விட்டேன். வந்து சேரத் தொடங்கியிருந்த சிலவற்றையும் பஞ்சைக் குழாய்நீரில் கழுவிக் கொன்றேன். போதாக்குறைக்கு, எங்கள் பகுதியைப் போல் வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சு இன்னும் கடுமையாகும்.

இரண்டாவது, எந்த மீன் எந்த நீருக்குரியது என்பது. தங்கமீன் சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வரும் கெண்டைக் குடும்பத்து மீன். குளிர்ந்த நீரே அதற்கு உகந்தது. அது நன்கு வளர்ந்தால் ஒரு சாணுக்குக் குறையாது, கழிவும் மிகுதி. நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீருக்குரியது. ஒன்றுக்கு உகந்த நீர் மற்றொன்றுக்கு உகந்ததன்று. இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவது இரண்டுக்கும் அநீதி.

மூன்றாவது, குணமும் உருவமும். ஒரு மீனின் வாய்க்குள் அடங்கும் அளவுள்ள மற்றொரு மீனை அதனோடு சேர்த்து விடலாகாது. இதை அந்த முதியவர் விரலை மடக்கிக் காட்டிச் சொன்னார். கடையில் குஞ்சாக இருக்கும் மீனின் அளவைப் பார்க்காமல், அது வளர்ந்தபின் எட்டும் அளவைக் கேட்க வேண்டும். மெதுவாக நீந்தும், நீண்ட துடுப்புள்ள மீன்களோடு டைகர் பார்ப் போன்ற துடுக்கான மீன்களைச் சேர்க்கலாகாது. ஆண் ஃபைட்டர்கள் இரண்டைச் சேர்க்கவே கூடாது. ஒன்றேயாயினும் அமைதியான துணைகளோடு மட்டுமே வைக்கலாம். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், அரோவானா போன்றவை சிறு மீன்களோடு கூடி வாழ்வன அல்ல.

நான்காவது, நீரின் தட்டுகள். சில மீன்கள் மேல்மட்டத்திலும், சில நடுவிலும், சில தரையிலும் வாழ்பவை. மூன்று தட்டுகளுக்கும் பொருத்தமானவற்றைப் பிரித்துத் தேர்ந்தால் ஒன்றையொன்று நெருக்காது. கூட்டமாக வாழும் இனத்தை ஒன்றிரண்டாக வாங்கலாகாது. ஆறேனும் எட்டேனும் வேண்டும்.

ஊர் திரும்பும்போது முதியவர் தம் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை ஈரம் காயாமல் உறையிலிட்டு மகள் கையில் கொடுத்தார். "இதுல உசிரு இருக்கும்மா, பாத்து" என்றார். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களை அவள் இராமேசுவரம் ரயிலில் இரவு முழுதும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மீன் வேண்டாம் என்று சொன்னவள், வேண்டும் என்று மீண்டும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த உறையை வேறு எவரிடமும் கொடுக்கவும் இல்லை.

மூன்றடி நீளமும், ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் கொண்ட பழைய தொட்டி ஒன்று எங்கள் ஊரிலேயே கிடைத்தது. மணலும் மேலிடைவெளியும் போக நூற்றுப்பத்து லிட்டர் நீர் கொள்ளும். பொம்மை உருவங்கள் எவையும் வைக்காமல், கல்லும் மரத்துண்டும் சில நீர்ச்செடிகளும் மட்டும் வைத்தோம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் மிகக் கடினமானது. அதில் பாதியளவு சுத்திகரித்த கேன் நீரைக் கலந்து கடினத்தைக் குறைத்தேன். குடிநீர்க் குழாயிலிருந்து எடுக்க நேர்ந்தால் குளோரின் நீக்கும் மருந்து கலந்த பிறகே ஊற்றினேன். பிறகு ஐந்து வாரங்கள், மீனே இல்லாத அந்தத் தொட்டிக்கு மகள் தினமும் பஜ்ருக்குப் பின் ஒரு சிட்டிகை இரை போட்டாள். நுண்ணுயிர்களுக்கு உணவாக அம்மோனியா வேண்டுமல்லவா? அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். "தண்ணிக்குச் சோறு போடுறா" என்றார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வந்தாள். அம்மோனியா ஏறியது, இறங்கியது. நைட்ரைட் ஏறியது, பிறகு அதுவும் இறங்கியது. இரண்டும் பூச்சியமாக இருந்த நாளில், நோட்டை என் முன் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். நான் புரிந்துகொண்டேன்.

இம்முறை நிறத்தைப் பார்த்துத் தேர்வு செய்யவில்லை. எங்கள் நீர், எங்கள் வெயில், எங்கள் தொட்டி ஆகியவற்றைச் சொல்லி, இங்கே எவை நலமாக வாழும் என்று கேட்டே தேர்ந்தோம். மேல்மட்டத்துக்கு சீப்ரா டானியோ எட்டு. இது நம் துணைக்கண்டத்து ஆறுகளுக்கும் வயல்களுக்கும் உரிய மீன், வெப்பமாறுதலைத் தாங்கும். நடுவில் கடின நீரை விரும்பும் பிளாட்டி நான்கு. ஆண் ஒன்றுக்குப் பெண் மூன்று என வாங்கினோம். இல்லையேல் பெண் மீன்களை ஆண் ஓயாமல் துரத்தி அலைக்கழிக்கும். தரையில் மணலைக் கிளறித் தின்னும் கோரிடோரஸ் கெளுத்தி ஆறு. அதன் மீசை மென்மையானது. கூர்மையான கற்களில் உரசித் தேயும் என்பதால் நயமான மணல் இட்டோம். இறுதியாக முத்து கௌராமி ஓர் இணை. உருவில் இவற்றுள் பெரியது, குணத்தில் சாது. இருபதையும் ஒரே நாளில் விடவில்லை. பழைய இரண்டடித் தொட்டியில் ஒவ்வொரு கூட்டத்தையும் இரண்டு வாரம் தனியே வைத்து, நோயில்லை என்று உறுதியானபின் சேர்த்தோம். முதலில் டானியோ, கடைசியில் கௌராமி. அனைத்தும் சேர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆயிற்று.

அந்நாட்களில் ஒரு நாள், குர்ஆனின் அன்ஆம் அத்தியாயம் 38ஆம் வசனத்தைப் பாடம் நடத்த நேர்ந்தது. பூமியில் ஊர்வனவும் இறக்கையால் பறப்பனவும் நம்மைப் போலவே சமுதாயங்களாக இருக்கின்றன என்ற கருத்துடைய வசனம் அது. பல இன மீன்கள் கூடி வாழும் தொட்டியைச் சமுதாயத் தொட்டி என்ற பொருள்படவே மீன் வளர்ப்போர் அழைக்கிறார்கள். அவ்வசனத்தை நான் பலமுறை ஓதியிருக்கிறேன். ஆனால் ஒரு சமுதாயம் என்றால் அதற்கென ஓர் ஊர், ஒரு நீர், ஒரு கூட்டம், ஓர் உணவு, ஒரு குணம் உண்டு என்று அன்றுதான் பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்ல முடிந்தது.

மத்ரஸாவில் எனக்கு வேறொன்றும் உறைத்தது. பிறரைச் சீண்டும் மாணவன் ஒருவனை மாதக்கணக்காக மூலையில் தனியே அமர்த்தியிருந்தேன். டைகர் பார்ப் தன் இனம் குறைந்து தனித்துப்போகும்போதே பிற மீன்களை மிகுதியாகக் கடிக்கும். எட்டுப் பத்தாக இருந்தால் தமக்குள்ளேயே ஓடிப் பிடித்து அடங்கிவிடும் என்று முதியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மீனுக்குரிய விதி மனிதப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது, அறிவேன். ஆயினும் அவனை அவன் வயதுப் பிள்ளைகளின் வட்டத்தில் அமர்த்திப் பார்த்தேன். சீண்டல் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் அவன் இப்போது விடுமுறை எடுப்பதில்லை.

இன்னும் மூன்று செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, அந்தச் சக்கர் மீன். முதல் தொட்டி அழிந்தபின் அதை ஊருணியில் விட்டுவிடுவோம் என்று மாணவர்கள் சொன்னார்கள். விடுதலை அளிப்பது நன்மைதானே என்று நானும் ஏறத்தாழச் சம்மதித்திருந்தேன். அது தென் அமெரிக்க மீன். ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது. நம் நீர்நிலைகளில் விடப்பட்ட அதன் இனம் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கிறது. ஓர் உயிருக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணி ஓர் ஊருணிக்கே தீங்கிழைத்திருப்பேன். அல்லாஹ் காப்பாற்றினான். வீட்டில் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அதை ஒப்படைத்தேன். எஞ்சிய இரண்டு டைகர் பார்ப்களும் அவ்வினம் கூட்டமாக உள்ள ஒரு தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு, நம் வீடுகளிலும் நுழைந்துவிட்ட ஒரு நம்பிக்கை. குறிப்பிட்ட மீனை வைத்தால் செல்வம் வரும், அது செத்தால் வீட்டுக்கு வரவிருந்த ஆபத்தை அது வாங்கிக்கொண்டது என்பர். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. பெரும்பாலும், செத்த மீன் நம் ஆபத்தை வாங்கிக்கொள்ளவில்லை. நம் அலட்சியத்தை வாங்கிக்கொண்டது. அந்த நம்பிக்கை தவ்ஹீதுக்கு முரணானது என்பதோடு, தவறு செய்தவரைத் தம் தவற்றைத் தேடவிடாமலும் தடுத்துவிடுகிறது.

மூன்று, சாயம் ஏற்றிய மீன்கள். கண்ணாடி மீன் போன்றவற்றின் உடலில் ஊசி வழியே வண்ணம் செலுத்தி விற்பதுண்டு. படைத்தவன் அளித்த நிறம் போதாதென்று அவற்றை வதைக்கிறார்கள். நாம் வாங்காவிட்டால் அவ்வதை குறையும்.

செலவு பற்றி என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. முதல் தொட்டிக்கு நான் கொட்டியது வீண்விரயம்தான், அதில் ஐயமில்லை. இப்போதைய தொட்டிக்கு ஆகும் மாதச் செலவு சிறிது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுகிறோம். வெளியேறும் நீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. வடிகட்டியின் பஞ்சை அந்த நீரிலேயே அலசுகிறோம். சித்திரை வெயிலில் மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றைச் சுழலவிடுகிறோம். இரண்டு மூன்று பாகை வெப்பம் குறைகிறது. "ஒரு உசிருக்குப் பதில் சொல்லணும்ல" என்ற அவருடைய முதல் வார்த்தையை நான் அன்றே செவிமடுத்திருக்க வேண்டும். இப்போது அவரே ஆணத்துக்கு மீன் அறுக்கும்போது தொட்டியின் பக்கம் முதுகைக் காட்டி அமர்கிறார், கேட்டால் சிரிக்கிறார்.

சென்ற மாதம் ஒரு டானியோ இறந்து கிடந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். நான் மஸ்ஜிதிலிருந்து வரும்போது அவள் அதை வலையால் எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்திருந்தாள். அந்தப் பழைய கேள்வி மீண்டும் வருமோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கேட்கவில்லை. சோதனைக் குப்பியை எடுத்து நீரைப் பார்த்தாள், மற்ற ஏழு டானியோக்களின் உடலில் புள்ளியோ காயமோ உண்டா என்று விளக்கை அருகே பிடித்துப் பார்த்தாள், வெப்பமானியைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. நோட்டில் தேதியிட்டு எழுதிவிட்டு, முருங்கை மரத்தடியில் ஒரு குழி தோண்டினாள்.

"நம்ம தப்பு ஒண்ணும் தெரியல வாப்பா" என்றாள். சற்று நேரம் கழித்து, "இருந்தாலும் நாளைக்கும் ஒரு தரம் பாக்குறேன்" என்றாள்.

நான் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளாக நடத்திய பாடத்தை அவள் எனக்கு நடத்தி முடித்ததாகவே உணர்ந்தேன்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் உரிய ஹக்கை அறிந்து நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. அறியாமல் செய்த பிழைகளையும், அறிய வாய்ப்பிருந்தும் அறியாமல் விட்ட பிழைகளையும் அவன் மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.